கந்தகம் எடுக்கிற வேலை

எனக்குச் சாத்தூர்ப் பக்கம். அங்கே பாதி வீடுகளில் யாராவது ஒருவர் பட்டாசுக்கோ தீப்பெட்டிக்கோ போய் வந்தவராக இருப்பார். கந்தகம் எங்களுக்குப் பாடப்புத்தகத்தில் அறிமுகமான சமாச்சாரம் இல்லை. மூட்டையில் வரும், மஞ்சளாக இருக்கும், அப்பாவின் சட்டையைத் துவைக்கும்போது அம்மா இரண்டு தடவை அலசுவாள். டிப்ளமோ முடித்து வடக்கே ஒரு உருக்காலையில் வேலை கிடைத்து, முதல் லீவில் ஊருக்கு வந்தபோது அப்பத்தா கேட்டாள், அங்கே என்னப்பா வேலை உனக்கு என்று. இரும்பிலிருந்து கந்தகத்தை எடுக்கிற வேலை என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஊரு உலகமெல்லாம் காசு குடுத்துக் கந்தகம் வாங்குது. நீ அதை எடுத்துக் கொட்டுறதுக்கா அம்புட்டுத் தூரம் போயிருக்க?"

அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். அதற்கப்புறம் பதினேழு வருஷமாக அதே வேலைதான்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊதுலையில் இரும்புத் தாதும் கோக்கும் (காற்றுப் படாமல் சுட்ட நிலக்கரி) சுண்ணாம்புக்கல்லும் போட்டு, கீழே உருகிய இரும்பாக வழிகிறதே, அதற்கு எங்கள் பாஷையில் ஹாட் மெட்டல். அதில் நான்கு சதவீதத்துக்கு மேல் கார்பன் இருக்கும். அதைக் கன்வர்ட்டரில் ஊற்றி ஆக்சிஜன் ஊதினால் கார்பன் எரிந்து போய் உருக்கு கிடைக்கும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வரைந்து நடுவில் ஒரு அம்புக்குறி போட்டிருப்பார்கள். அந்த அம்புக்குறி இருக்கிற இடத்தில்தான் நாங்கள் இருக்கிறோம். டீசல்ஃபரைசேஷன் ஸ்டேஷன், அதாவது கந்தகம் நீக்குகிற இடம், சுருக்கமாக டீ-எஸ்.

ஒரு லேடிலில், அதாவது உருகிய இரும்பைச் சுமக்கிற பெரிய வாளியில், 150 டன் ஹாட் மெட்டல் வருகிறது. ஆய்வுக்கூடச் சீட்டில் கந்தகம் 0.050 சதவீதம் என்று இருக்கும். கேட்பதற்கு ஒன்றுமில்லாத மாதிரி இருக்கிறது, கிலோவில் போட்டால் 75 கிலோ. ஒரு ஆளின் எடை. சாதாரணக் கட்டுமானத்துக்குப் போகிற இரும்பு என்றால் இதில் பாதியை எடுத்தாலே போதும். புளிப்பு வாயு, அதாவது ஹைட்ரஜன் சல்பைடு கலந்த இயற்கை எரிவாயு போகிற குழாய்க்கான தகடு என்றால் கடைசி உருக்கில் 0.003 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அதற்கு எங்கள் ஸ்டேஷனை விட்டுப் போகும்போதே 0.001 அல்லது 0.002-க்கு இறங்கியிருக்க வேண்டும். 0.001 என்றால் 150 டன்னில் ஒன்றரைக் கிலோ. பத்துப் பதினைந்து லாரி நிறைய இரும்பு, அதில் ஒன்றரைக் கிலோ கந்தகம் மிச்சம். புதிதாகச் சேருகிற பையன்களுக்கு இந்தக் கணக்கை முதல் நாளே போட்டுக் காட்டிவிடுவேன், ஏனென்றால் சதவீதத்தில் பேசினால் யாருக்கும் பயம் வருவதில்லை.

இவ்வளவு கொஞ்சமாக இருக்கிற சாமானுக்கு ஏன் இத்தனை பாடு?

கந்தகம் உருகிய இரும்பில் நன்றாகக் கரையும். இரும்பு உறையும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது. உறைகிற படிகங்கள் கந்தகத்தை உள்ளே வைத்துக்கொள்ளாது, வெளியே தள்ளிக்கொண்டே வரும். தள்ளித் தள்ளிக் கடைசியில் படிகத்துக்கும் படிகத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கில் இரும்பு சல்பைடாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். இரும்பும் இரும்பு சல்பைடும் சேர்ந்த கலவை 988 டிகிரியிலேயே உருகிவிடும். தகடு உருட்டுவதோ 1200 டிகிரி வாக்கில். அந்தச் சூட்டில் படிகங்கள் கெட்டியாகத்தான் இருக்கும், நடுவிலிருக்கிற மெல்லிய படலம் மட்டும் தண்ணீராக இருக்கும். செங்கல் சுவரில் செங்கலெல்லாம் நன்றாக இருந்து சாந்து மட்டும் இளகிப்போனால் எப்படி? உருளைக்குள் போனதும் ஓரமெல்லாம் பிளந்துகொண்டு வரும். இதற்கு ஹாட் ஷார்ட்னஸ் என்று பேர். ஆறின பிறகு நன்றாக இருக்கிற மாதிரித் தெரிகிற இரும்பு, சூட்டில் அடித்தால் உடையும்.

ஊர்க் கொல்லர்களுக்கு இது பெரும்பாலும் தெரியாமலே போயிருக்கும், தெரிய வேண்டிய அவசியமும் வந்திருக்காது. அவர்கள் உலையில் போட்டது மரக்கரி, மரக்கரியில் கந்தகம் ஏறக்குறைய இல்லை. நம் பக்கத்துப் பழைய உருக்குக்கு உலகம் முழுக்கப் பேர் இருந்ததற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். கரி சுத்தமாக இருந்தது என்பது அதில் ஒன்று, அதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. காடு தீர்ந்து நிலக்கரிக்கு மாறியபோதுதான் கந்தகம் வீட்டுக்குள் வந்தது. இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி 1709-ல் கோல்புரூக்டேலில் கோக் போட்டு இரும்பு எடுத்துக் காட்டினார். அவருக்கு அதிர்ஷ்டமும் இருந்தது, அந்த வட்டாரத்து நிலக்கரியில் கந்தகம் குறைவு. இன்றைக்கும் எங்களுக்கு வருகிற கந்தகத்தில் பெரும்பங்கு கோக்கில்தான் வருகிறது. ஜாரியா நிலக்கரியில் சாம்பல் அதிகம், கந்தகம் குறைவு. அஸ்ஸாம் நிலக்கரி அப்படியே தலைகீழ், சாம்பல் கொஞ்சம், கந்தகம் ஏராளம். எல்லாம் நல்லதாக ஒரே கரியில் கிடைக்கவே கிடைக்காது.

கந்தகத்தை வெளியே எடுக்கத் தெரியாத காலத்தில் ஆட்கள் வேறொரு வழி கண்டுபிடித்தார்கள். எடுக்காதே, கட்டிப் போடு. மாங்கனீசு சேர்த்தால் கந்தகம் இரும்பை விட்டுவிட்டு மாங்கனீசோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். மாங்கனீசு சல்பைடு உருக 1600 டிகிரிக்கு மேல் வேண்டும், ஆக உருட்டுகிற சூட்டில் கெட்டியாகவே இருக்கும், தகடு பிளக்காது. காற்றை ஊதி உருக்கு செய்கிற பெஸ்ஸிமரின் முறை 1856-ல் வந்த புதிதில், மற்றவர்கள் செய்த உருக்கு நொறுங்கிப் போனதும், மஷெட் என்பவர் மாங்கனீசு கலந்த வார்ப்பிரும்பைச் சேர்த்து அதைச் சரிசெய்ததும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது.

அதற்கும் முன்னால் ஒரு ஆள் இருக்கிறார், நமக்குக் கொஞ்சம் உறவுக்காரர் மாதிரி. ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் இருந்தவர். நம் ஊர் உருக்கைப் பார்த்து மயங்கி, உத்தியோகத்தை விட்டுவிட்டு, பரங்கிப்பேட்டையில் இரும்பாலை ஆரம்பித்தார். தாது சேலம் பக்கத்திலிருந்து, எரிக்கக் காட்டுக் கரி. ஆலை லாபம் பார்க்கவில்லை. இங்கிலாந்து திரும்பியவர் 1839-ல் ஒரு காப்புரிமை வாங்கினார்: மூசையில், அதாவது உலோகம் உருக்குகிற மண்குடுவையில், உருக்கு செய்யும்போது மாங்கனீசும் கார்பனும் சேர்ந்த ஒரு கலவையைப் போடுவது. இதனால் ஷெஃபீல்டுக்காரர்கள் விலை கூடிய ஸ்வீடன் இரும்பை மட்டும் நம்பியிருக்காமல் சொந்த ஊர் இரும்பிலும் உருக்கு செய்ய முடிந்தது, விலை இறங்கியது. ஊரே சம்பாதித்தது, ஹீத் சம்பாதிக்கவில்லை. அவருடைய சொந்த முகவரே, கலவையாகப் போட்டால்தானே காப்புரிமை, மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் தனித்தனியாக மூசையில் போட்டால் அது வேறு என்று கிளம்பிவிட்டார். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்துப் பிரபுக்கள் சபை வரை போய் அங்கேயும் தோற்றது. அதற்குள் ஹீத் செத்தே போயிருந்தார். பரங்கிப்பேட்டையில் இறங்கி நின்று இதை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை, ஒவ்வொரு லீவிலும் ஏதாவது கல்யாணம் வந்துவிடுகிறது.

சரி, மாங்கனீசு போட்டால் தீர்ந்ததா? தீரவில்லை. உருட்டும்போது மாங்கனீசு சல்பைடு உடையாது, நீளும். தகட்டின் நடுவே நூல் நூலாக ஓடும். நீளவாக்கில் இழுத்தால் தகடு தாங்கும், குறுக்கே இழுத்தால் அந்த நூல் வழியாகக் கிழியும். டைட்டானிக் கப்பலின் தகட்டுத் துண்டுகளைக் கடலிலிருந்து எடுத்துச் சோதித்து 1998-ல் எழுதினார்கள்: கந்தகம் 0.069 சதவீதம், மாங்கனீசு 0.47. கட்டிப் போடவும் ஆள் பற்றாத நிலைமை. அந்தத் தகடு நீளவாக்கில் 32 டிகிரிக்குக் கீழேயும் குறுக்குவாக்கில் 56 டிகிரிக்குக் கீழேயும் நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும் என்று கண்டார்கள். அன்றைக்குக் கடல் தண்ணீர் மைனஸ் 2. கந்தகம் மட்டும் காரணமில்லை, பாஸ்பரசும் அதிகம், படிகமும் பெரிது. கப்பல் மூழ்கியதற்குத் தகடுதான் காரணமா, தறையாணிகளா, வேகமா என்று இன்னும் சண்டை நடக்கிறது. பனிப்பாறையில் மோதினால் எந்தத் தகடுதான் என்ன செய்யும் என்பது என் கட்சி. ஆனால் அந்த 0.069-ஐப் பார்க்கும்போதெல்லாம் ஒரு டீ-எஸ் ஆளுக்குக் கை துறுதுறுக்கும்.

இப்போது வேலைக்கு வருகிறேன்.

கந்தகத்தை எடுக்க வேண்டும் என்றால் இரும்பை விட அதற்குப் பிடித்தமான ஒன்றைக் காட்ட வேண்டும். கால்சியம், மக்னீசியம், சோடியம் மூன்றும் ஆகும். மலிவானது சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு. சுண்ணாம்பு கந்தகத்தை எடுத்துக்கொண்டால் தன்னிடமுள்ள ஆக்சிஜனை விட்டாக வேண்டும். அந்த ஆக்சிஜனை வாங்கிக்கொள்ள யாராவது பக்கத்தில் இருந்தால்தான் அது விடும். ஹாட் மெட்டலில் கார்பனும் சிலிக்கனும் நிறைய இருப்பதால் அவை வாங்கிக்கொள்ளும். அதோடு, கார்பனும் சிலிக்கனும் இருக்கிற இரும்பில் கந்தகம் நிம்மதியாக இருக்காது, வெளியேறத் துடித்துக்கொண்டே இருக்கும். கன்வர்ட்டரில் கதை மாறிவிடும். அங்கே ஆக்சிஜனை ஊதிக்கொண்டே இருக்கிறோம், சுண்ணாம்பு ஏன் தன் ஆக்சிஜனை விடப்போகிறது? கன்வர்ட்டரில் கந்தகம் கால் பங்கு போனாலே பெரிய விஷயம். ஆகவே கன்வர்ட்டருக்கு முன்னால், கார்பன் இருக்கும்போதே, எடுத்துவிட வேண்டும். எங்கள் ஸ்டேஷன் அம்புக்குறியில் உட்கார்ந்திருப்பது இதற்காகத்தான்.

நான் சேர்ந்தபோது மக்னீசியம் முறை. இதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். லேடில் வந்து நின்றதும் மேற்பரப்பில் கருப்பும் வெள்ளியுமாக ஒரு ஏடு, அதிலிருந்து கிராஃபைட் செதில்கள் மினுங்கிக்கொண்டு மேலே பறக்கும், ஜிகினாத் தூள் தூவிய மாதிரி. முதல் வாரம் அழகாக இருக்கும், அப்புறம் காது, மூக்கு, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றிலும் அதுதான். வெப்பம் 1350 வாக்கில். தீக்களிமண் பூசிய நீளக்குழாய் ஒன்று மேலிருந்து இறங்கும். அதற்கு லான்ஸ் என்று பேர். அதன் வழியாக நைட்ரஜன் வேகத்தில் மக்னீசியக் குருணையும் சுண்ணாம்புப் பொடியும் லேடிலின் அடி வரை போகும். மக்னீசியம் 1090 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடுகிற சாமான். 1350 டிகிரி இரும்புக்கு அடியில் அதைக் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும்? லேடில் முழுக்கக் குமுறும். மேலே வருகிற ஆவிக் குமிழ்கள் வழியெல்லாம் கந்தகத்தைப் பிடித்துக்கொண்டே வரும். தப்பி மேலே வந்த ஆவி காற்றில் பட்டதும் கண் கூசுகிற வெள்ளை வெளிச்சம், பின்னாலேயே வெள்ளைப் புகை. எங்கள் ஊர்க்காரனுக்கு அந்த வெளிச்சம் பழக்கமானதுதான், கம்பி மத்தாப்பில் வருகிற மாதிரி வெள்ளை. பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். 0.050-ல் வந்தது 0.004-க்குப் போயிருக்கும். எழுபது கிலோ போல மக்னீசியம் செலவாகியிருக்கும்.

மக்னீசியத்துக்கு இரண்டு குறை. ஒன்று விலை. உலக மக்னீசியத்தில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. 2021 செப்டம்பரில் அங்கே மின்வெட்டு வந்து ஆலைகளை மூடியபோது விலை மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. நாங்கள் ஒவ்வொரு குருணையாக எண்ணிப் போட்ட காலம் அது. இன்னொரு குறை, மக்னீசியம் சல்பைடு நன்றி கெட்டது. மேலே வந்து காற்றில் ஆக்சிஜனைப் பார்த்ததும் கந்தகத்தைக் கைவிட்டுவிட்டு ஆக்சைடாகிவிடும். விட்ட கந்தகம் திரும்ப இரும்புக்குள் போகும். கூடவே சுண்ணாம்பு போடுவதே இதற்காக. மக்னீசியம் பிடித்து வந்ததைச் சுண்ணாம்பு வாங்கிப் பூட்டி வைக்கும்.

கால்சியம் கார்பைடு போடுகிற ஆலைகளும் உண்டு. நன்றாக வேலை செய்யும். ஆனால் ஈரம் பட்டால் அசெட்டிலீன் வாயு. வெல்டிங் கடையில் கார்பைடு டப்பா வெடித்த கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பின்னால் எங்களிடமும் கே.ஆர். என்ற கலக்குகிற முறை வந்தது. ஜப்பானில் ஹிரோஹாதா ஆலையில் 1960-களில் உருவாக்கியது. லான்சும் கிடையாது, மக்னீசியமும் கிடையாது. தீக்களிமண் பூசிய நான்கு இறக்கை மத்து ஒன்றை லேடிலுக்குள் இறக்கி நிமிஷத்துக்கு நூறு சுற்றுக்கு மேல் சுற்றுவார்கள். நடுவில் சுழி விழும், சுண்ணாம்பை அந்தச் சுழியில் கொட்டினால் அது உள்ளே இழுத்துக்கொண்டு போகும். மோர் கடைகிற வேலைதான், 150 டன் மோர். சுண்ணாம்பு மட்டுமே போட்டு 0.001 வரை போகலாம். ஆனால் சூடு நிறைய இறங்கும், சுண்ணாம்பும் நிறைய வேண்டும், மத்தின் பூச்சு தேய்ந்துகொண்டே இருக்கும். எது சிறந்தது என்று கேட்டால், ரொம்பக் கீழே கந்தகம் வேண்டிய ஆலைக்குக் கே.ஆர்., வேகமும் சூடும் முக்கியம் என்றால் மக்னீசியம் என்பேன். விற்பனைக்கு வருகிறவர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் வேலையில் பாதி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு ராத்திரி ஆனது.

கந்தகத்தைப் பிடித்த சுண்ணாம்பும் மக்னீசியம் ஆக்சைடும் சேர்ந்து இரும்பின் மேல் கெட்டியாக ஒரு கசடு மிதக்கும். ஊரில் பழைய உலைமேடுகளில் பொறுக்குகிற சிட்டக்கல் மாதிரி, ஆனால் உயிரோடு. அதை வழித்து எடுக்க வேண்டும். லேடிலை மெல்லச் சாய்த்து, நீளக் கையில் தகடு பொருத்திய ரேக் இயந்திரத்தால் கசடை மூக்குவரை இழுத்து, கீழே நிற்கிற பானையில் தள்ள வேண்டும். அதை ஓட்டினவர் மேற்கு உத்தரப் பிரதேசத்துக்காரர், ஐம்பது தாண்டியவர். எல்லோரும் சாச்சா என்போம். அவர் ரேக் ஓட்டுவதைப் பார்த்தால் அவசரமே இருக்காது. தகட்டைக் கசடின் மேல் மெதுவாக வைப்பார், இரும்புக்குள் முக்க மாட்டார், ஒரு இழுப்பு, நிறுத்தம், கசடு தானாகக் கொஞ்சம் முன்னால் நகர விடுவார், அடுத்த இழுப்பு. அவசரப்பட்டு முக்கினால் கசடோடு இரும்பும் பானைக்குப் போகும். ஏற்கெனவே கசடுக்குள் துளித்துளியாக இரும்பு மாட்டியிருக்கும், சில சமயம் எடையில் பாதி வரை. மாசக் கடைசியில் இரும்பு நஷ்டத்துக்குக் கணக்குக் கேட்பார்கள். கந்தகத்துக்கும் கேட்பார்கள். கேட்கிறவர்கள் வேறு வேறு ஆட்கள், பதில் சொல்கிறவன் ஒருத்தன்.

நான் சேர்ந்து இரண்டாவது வருஷம். இரவு ஷிஃப்ட். தகட்டுக்கான ஹீட் (ஒரு தடவை காய்ச்சுகிற உருக்குக்கு அப்படிப் பேர்), கடைசிக் கந்தகம் 0.005-க்குள் வேண்டும். டீ-எஸ் முடிந்து சாம்பிள் 0.003. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கு லேடில் மூக்கில் பழைய இரும்பு உறைந்து மேடு கட்டியிருந்தது, கசடு அதில் முட்டி முட்டி நின்றது. முக்கால் பங்கு போயிருக்கும். கன்வர்ட்டர் காலியாகக் காத்துக்கொண்டிருந்தது. வாக்கி டாக்கியில் ஷிஃப்ட் இன்சார்ஜ், போதும் அனுப்பு என்றார். சாச்சா ரேக்கை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். 0.003 கையில் இருக்கிறதே, இனிமேல் என்ன?

கன்வர்ட்டர் ஊதி முடித்த சாம்பிள் 0.012.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். விட்டுப்போன கசடு ஒரு நானூறு கிலோ. அதில் மூன்றரைச் சதவீதம் கந்தகம் என்றால் 14 கிலோ. 150 டன்னில் அது 0.009. ஏற்கெனவே இருந்த 0.003-ஐயும் சேர்த்தால் சீட்டில் வந்த எண் அப்படியே வருகிறது. ஆக்சிஜனை ஊதியதும் கசடு தன்னிடமிருந்த கந்தகத்தை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டது. நான் எடுத்தேன், நானே உள்ளே போட்டேன். அடுத்து லேடில் ஃபர்னஸில் இன்னொரு தடவை இறக்கலாம்தான், அதற்கு அரைமணிக்கு மேல் வேண்டும். வார்ப்பு இயந்திரத்தில் முந்தின லேடில் முடியப்போகிறது, நிறுத்தினால் வரிசையே அறுந்துவிடும். தகட்டுக்குப் போக வேண்டிய ஹீட்டைச் சாதாரணக் கட்டுமான ரகத்துக்கு மாற்றிவிட்டார்கள். வாக்கி டாக்கியில் சொன்னது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ரேக்கிங் நிமிஷம் என்ற கட்டத்துக்கு நேராக இருந்தது என் கையெழுத்து.

விடிகாலையில் டீ குடிக்கும்போது சாச்சா ஒன்று சொன்னார். அவர் ஊரில் கரும்பு. வெல்லம் காய்ச்சும்போது கொப்பரையில் சாறு கொதிக்க ஆரம்பித்ததும் வெண்டைத் தண்டின் கொழகொழப்பும் துளி சுண்ணாம்பும் போடுவார்களாம், அழுக்கெல்லாம் மேலே நுரையாகத் திரளும். அந்த நேரத்தில் வழிக்க வேண்டும். கொதி ஏறவிட்டால் திரண்ட அழுக்கு திரும்பச் சாற்றிலேயே கலந்துவிடும், வெல்லம் கறுத்துவிடும். சுண்ணாம்பு போடச் சின்னப் பையன் போதும், வழிக்கிறதுக்கு மட்டும் எங்க தாத்தா யாரையும் விடமாட்டார் என்றார். என்னைக் குத்திக் காட்டவில்லை, சும்மா ஊர்ப்பேச்சுத்தான். எனக்கு டீ இறங்கவில்லை.

அன்றிலிருந்து நான் டீ-எஸ் முடிந்த சாம்பிளைப் பார்த்துச் சந்தோஷப்படுவதில்லை. லேடில் மூக்கில் மேடு இருந்தால் அந்த லேடிலை எடுத்துக்கொள்ளவே மாட்டேன் என்று சண்டை போடுவேன். சண்டைக்காரன் என்று பேர் வாங்கியிருக்கிறேன்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு பழைய விளையாட்டு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சல்ஃபர் பிரிண்ட். 1906-ல் பௌமான் என்பவர் கொண்டுவந்தது. வார்த்த உருக்கில் ஒரு குறுக்குத் துண்டை அறுத்து நன்றாகத் தேய்த்து வைத்துக்கொள்ள வேண்டும். போட்டோ பிரிண்ட் போடுகிற புரோமைடு தாளை நீர்த்த கந்தக அமிலத்தில் ஊறவைத்து, வடியவிட்டு, பூச்சுப் பக்கம் உலோகத்தில் படும்படி ஒட்டி, உள்ளே காற்று நிற்காமல் உருளையால் தேய்க்க வேண்டும். சில நிமிஷம் கழித்து உரித்தால் எங்கெங்கே சல்பைடு இருக்கிறதோ அங்கெல்லாம் பழுப்புப் புள்ளி. அமிலம் சல்பைடோடு சேர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு வருகிறது, அது தாளில் உள்ள வெள்ளியைக் கறுக்க வைக்கிறது. வெள்ளிக் கொலுசு கறுப்பதும் இதே கணக்குத்தான். சுமாரான வார்ப்பில் சரியாக நடுவே ஒரு பழுப்புக் கோடு ஓடும், கடைசியாக உறைந்த இடம் அதுதான், தள்ளப்பட்ட கந்தகமெல்லாம் அங்கே வந்து சேர்ந்திருக்கும். இப்போது ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒரு பொறியில் எண்ணைச் சொல்லிவிடுகிறது, ஸ்டூடியோக்களும் மூடிவிட்டதால் புரோமைடு தாள் கிடைப்பதே பாடு. இருந்தாலும் அந்தக் கோட்டைக் கண்ணால் பார்த்தவனுக்கும் எண்ணை மட்டும் படித்தவனுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

இதில் வேடிக்கை, கோயம்புத்தூரில் என் மாமா லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஒருமுறை அவரிடம் என் வேலையைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன், கந்தகம் எதிரி, அது இது என்று. அவர் லேத்தில் மாட்டியிருந்த கம்பியைக் காட்டி, மாப்ளே, இதுல எவ்வளவு இருக்கும்னு நினைக்கிற என்றார். அது இ.என். 1ஏ, லேத்தில் சுலபமாகக் கடைவதற்கென்றே செய்கிற உருக்கு ரகம். அதில் கந்தகம் 0.2-லிருந்து 0.3 சதவீதம், வேண்டுமென்றே சேர்ப்பது. எங்கள் குழாய்த் தகட்டைப் போல நூறு மடங்கு. அந்த மாங்கனீசு சல்பைடு நூல்கள் இருப்பதால்தான் கடையும்போது சுருள் நீளமாக வந்து கையில் சுற்றாமல் சின்னச் சின்னதாக உடைந்து விழுகிறது, உளியும் ரொம்ப நாள் வருகிறது. நட்டு போல்ட்டுக்கு அதுதான் வரம். நீ எடுத்துப் போடுறதை எனக்கு அனுப்பி வைடா என்று சிரித்தார். அப்பத்தா சொன்னதற்குப் பக்கத்தில் வந்துவிட்டார்.

எடுத்துப் போடுவது எங்கே போகிறது என்றால், ஆலைக்குப் பின்னால் கசடு யார்டுக்கு. உடைத்து, காந்தம் வைத்து இரும்பைப் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தைக் குவிப்பார்கள். வெயில் காலத்தில் அது பாட்டுக்குக் கிடக்கும். மழை பெய்தால் கால்சியம் சல்பைடு தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு விட ஆரம்பிக்கும், காற்று எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கம் அடித்தால் ஜன்னல் திறக்க முடியாது.

போன ஆகஸ்டில் அம்மா வந்து ஒரு மாசம் இருந்தாள். நல்ல மழை. சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் மூக்கைச் சுளித்து, என்னப்பா நாத்தம் என்றாள். நாங்க எடுத்துப் போடுற கந்தகம்மா, மழையில் நனைஞ்சு வாடை வருது என்றேன். இன்னொரு தடவை நன்றாக இழுத்துப் பார்த்தாள்.

"போடா. இது அழுகின முட்டை. நாற்பது வருஷம் உங்கப்பா சட்டையத் தொவச்சிருக்கேன், கந்தகம் எப்படி மணக்கும்னு எனக்குத் தெரியாதா?"

உள்ளே போய் ஊதுவத்தி ஏற்றி வைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து வெண்டைக்காய் நறுக்க ஆரம்பித்தாள்.